பிரித்துப் பார்த்த பெருமகன் ஜி. டி. நாயுடு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

ஒரு பொருளை வாங்குவோர் பலர், பயன்படுத்துவோர் பலர், பழுதானால் மூலையில் போடுவோரும் பலர். அதைப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, மீண்டும் பூட்டி ஓடவைப்போர் மிகச் சிலரே. நாம் இன்று துய்க்கும் வசதிகளில் பெரும்பாலானவை அந்த மிகச் சிலரால் வந்தவை என்றால் அது மிகையாகாது.

காலையில் பேருந்தில் கல்லூரிக்கு வரும்போது கைப்பேசியில் பாட்காஸ்ட் எனப்படும் ஒலிப்பேச்சுகளைக் கேட்பது என் வழக்கம். வீட்டுக் கணினிகள் முதன்முதலாக வந்த காலத்தில் இளைஞராக இருந்த வெளிநாட்டவர் சிலர், நரைத்த தலையோடு அமர்ந்து அந்த நாள்களை ஆசையோடு நினைவுகூரும் பேச்சுகள் அவை. 1975 ஜனவரியில் அமெரிக்க மின்னணு இதழ் ஒன்றின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினியின் படம் வெளிவந்தது. உறுப்புகளாக வாங்கி, ஈயப் பற்று வைத்து, வீட்டிலேயே பூட்டிக்கொள்ள வேண்டிய கணினி அது. விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது, நினைவகமோ 256 பைட்டுகள்தாம். முகப்பிலுள்ள சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளிக் கட்டளை கொடுத்தால், விளக்குகள் மினுக்கி விடை சொல்லும். அதே ஆண்டு மார்ச் 5ஆம் நாள் கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், ஒருவர் வீட்டுக் கார்க் கொட்டகையில் ஆர்வலர் சிலர் கூடி ஹோம்புரூ கணினி மன்றத்தைத் தொடங்கினர். தாம் செய்ததை அங்கே கொண்டுவந்து காட்டுவர். தமக்குத் தெரிந்ததைப் பிறர்க்குச் சொல்வர். ஸ்டீவ் வாஸ்னியாக் தம் முதல் ஆப்பிள் கணினியைக் காட்டியது அந்த மன்றத்தில்தான்.

ஹேக்கர் என்றால் இன்று நமக்கு வங்கிக் கணக்கில் கைவைக்கும் திருடன் நினைவுக்கு வருகிறான். 1950களின் இறுதியில் எம்.ஐ.டி. மாணவர்களின் பொம்மை ரயில் சங்கத்தில் அச்சொல் வழங்கியபோது அதற்கு அந்தப் பொருள் இல்லை. ஆவல் மிகுதியால் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, செய்தவனே எண்ணாத விதத்தில் அதை ஓடவைக்கும் கெட்டிக்காரன் என்பதே அன்றைய பொருள்.

அந்தப் பொருளில் பார்த்தால், அந்த மன்றம் கூடுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் தமிழகத்தில் அப்படி ஒருவர் இருந்தார். கொங்கு நாட்டின் மண்ணில் தோன்றி, இந்தியாவின் எடிசன் என்று பாராட்டப்பெற்ற ஜி. டி. நாயுடு அவர்களே அவர். அவர் வாழ்வைச் சுருக்கமாக எடுத்துரைப்பதும், அதிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று எண்ணிப் பார்ப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் பள்ளியும்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார் துரைசாமி. தந்தையார் கோபால்சாமி நாயுடு. பெற்ற தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார்.

பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர் மீது மணலை வாரி எறிந்துவிட்டு ஓடிய கதை இன்றும் கோவை வட்டாரத்தில் சொல்லப்படுகிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் எழுத்தோடு இருந்த உறவு நிற்கவில்லை. கையில் கிடைத்த தமிழ் நூல்களைத் தாமாகவே படித்து அறிவை வளர்த்துக்கொண்டார். பள்ளியை விட்டவர், படிப்பை விடவில்லை. இந்த வேறுபாட்டை நண்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் பிற்பகுதியில் இதற்கு மீண்டும் வருவேன்.

மோட்டார் சைக்கிளும் ஒரு மேசைப் பணியாளும்

இருபது வயதை ஒட்டிய பருவத்தில் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. நிலவருவாய்த் துறையைச் சேர்ந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் ஊர்ப்பக்கம் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை. வண்டி தானே ஓடுகிறது! ஊரார் வியந்து பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினர். துரைசாமிக்கு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

பொருளைத் திறந்து பார்க்க வேண்டுமானால் பொருள் தம்முடையதாக இருக்க வேண்டும். கோவைக்கு வந்தார், உணவு விடுதி ஒன்றில் மேசைப் பணியாளாகச் சேர்ந்தார். நிலமுள்ள வீட்டுப் பிள்ளை எச்சில் இலை எடுப்பதா என்று உறவினர் முகம் சுளித்திருக்கக் கூடும். அவர் பொருட்படுத்தவில்லை. மூன்றாண்டுக் காலம் சிறுகச் சிறுகச் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர்வலம் போகவில்லை. திருகு திருகாகக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பும் எதற்கு என்று அறிந்து, மீண்டும் பூட்டி ஓட்டினார். அவருக்கு அதுவே பட்டப்படிப்பு. அந்த வண்டியே பாடநூல்.

எரிபொருள் வெடித்து உந்துதண்டைத் தள்ளுவதும், தள்ளிய விசை சக்கரத்துக்குப் போவதும் இன்று நம் பாடத்தில் படமாக இருக்கின்றன. படத்தைப் பார்த்து மதிப்பெண் வாங்கிவிடலாம். எண்ணெய்க் கறையோடு கற்றவர்க்கோ பழுதின் ஓசை காதிலேயே தெரியும். நாயுடு இரண்டாம் வகையினர்.

பேருந்துத் தொழில்

பின்னர்ப் பஞ்சு வாணிகத்தில் இறங்கினார். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பொருள் ஈட்டினார். பம்பாய்ச் சந்தையில் அதை இழந்தார். இழந்தவர் சோர்ந்துவிடவில்லை. 1920ஆம் ஆண்டு, கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயரின் துணையோடு ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். ஒரு வண்டி பலவானது. யூ.எம்.எஸ். என்று மக்கள் சொன்ன யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், 1930களில் நூற்றுக்கு மேற்பட்ட பேருந்துகளோடு, நாட்டின் சிறந்த போக்குவரத்து நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கியது.

வண்டிகள் பழுதாகும், உதிரி உறுப்புகள் கடல் கடந்து வரவேண்டும். ஆகவே அவருடைய பணிமனைகள் பழுது பார்க்கும் இடங்களாக மட்டும் இருக்க முடியவில்லை. எதையும் செய்து பார்க்கும் கூடங்களாக அவை வளர்ந்தன. அங்கே கைபழகிய இளைஞர் பலர் பின்னாளில் கோவையின் தொழில்களைத் தாங்கும் தூண்களாயினர்.

மின் மோட்டார்

1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியது. கோவை மாவட்டத்து ஆலைகளுக்கும் ஊர்களுக்கும் மின்சாரம் வந்தது. கம்பியில் மின்சாரம் இருந்தது. அதைக் கொண்டு தண்ணீர் இறைக்கும் மோட்டாரோ வெளிநாட்டிலிருந்து வந்தது. அந்நிலையில், டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி. டி. நாயுடுவும் சேர்ந்து முயன்று, 1937இல் இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டாரை உருவாக்கினர். அந்த வெற்றியின் வழிவந்ததே பாலசுந்தரம் தொடங்கிய டெக்ஸ்டூல் நிறுவனம். பின்னாளில் மோட்டார் பம்பு என்றாலே கோவை என்று நாடு முழுவதும் சொல்லும் நிலை வந்ததற்கு விதை இங்கே இருக்கிறது.

இதன் அருமையை நான் நூலில் படித்து அறியவில்லை. என் தந்தையார் நான்காம் வகுப்போடு நிறுத்தியவர். அன்னைக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் ஏரியில் தண்ணீர் வற்றினால் பயிரைக் காப்பது கிணற்றுப் பம்புசெட்டுதான். உத்திரமேரூர்க் கடைவீதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றில் விடுமுறை நாள்களில் வேலை செய்கிறேன். எரிந்துபோன காயிலை வெட்டியெடுக்க வேண்டும். பழைய சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அதே கேஜ் செம்புக் கம்பியை அதே எண்ணிக்கையில் ஸ்லாட்டில் இறக்கி, வார்னிஷ் ஊற்றி உலர்த்த வேண்டும். ஒரு சுற்று பிசகினால் மோட்டார் சூடேறிவிடும். கடைக்கார அண்ணன் எட்டாம் வகுப்பு. பாரடேயின் பெயரை அவர் கேட்டதில்லை. ஆனால் பாரடேயின் விதி அவர் விரல்களில் இருக்கிறது. எனக்கு விதி தெரியும். விரல் இப்போதுதான் பழகுகிறது. இவ்விரண்டும் ஒருவரிடமே கூடினால் என்ன ஆகும் என்பதற்கு 1937 சான்று.

எளியோர்க்கும் எட்டும் பொருள்கள்

நாயுடுவின் கண்டுபிடிப்புகளைப் பட்டியலிடப் புகுந்தால் இம்மலரின் பக்கங்கள் போதா. பசை மின்கலத்தால் ஓடும் சிறு மோட்டார் பொருத்திய ரசந்த் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவரத் தகடு, படக்கருவியில் தொலைவைச் சரிசெய்யும் அமைப்பு, பழச்சாறு பிழியும் கருவி, மின்சாரம் எட்டாத வீட்டிலும் சுழலும் மண்ணெண்ணெய் விசிறி முதலியன அவற்றுட் சில. வெளிநாடுகளுக்குச் சென்றபோதும் படக்கருவியும் கையுமாகவே திரிந்தார். 1936இல் இலண்டனில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம்பிடித்தார்.

என் நெஞ்சை மிகவும் ஈர்த்தவை இரண்டு. முதலாவது வானொலிப் பெட்டி. 1941இல், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குத் தம்மால் செய்து கொடுக்க முடியும் என்று அறிவித்தார். வானொலி செல்வர் கூடத்துப் பொருளாக இருந்த காலம் அது. வீட்டுக் கணினியின் கதையும் இதுவே அன்றோ? பெரிய நிறுவனங்களின் குளிரூட்டிய அறைக்குள் பூட்டிக் கிடந்த கணினியை, தொலைக்காட்சியோடும் கேசட் பெட்டியோடும் இணைத்துச் சாதாரண வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தனர் பிற்காலத்தார். விலையைக் குறைப்பதும் ஒரு கண்டுபிடிப்பே என்பதை நாயுடு முன்னமே உணர்ந்திருந்தார்.

இரண்டாவது, மோசடி செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம். இதைப் படித்தபோது உத்திரமேரூர்க்காரனாகிய எனக்கு மெய் சிலிர்த்தது. நம் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் ஓலை, அதை எடுப்பது ஏதுமறியாச் சிறுவன். சூது நுழையாதிருக்க அன்று செய்த ஏற்பாடு அது. ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். என் முன்னோர் பெயர் அந்தக் குடத்துள் விழுந்திருக்க வழியில்லை. யார் வேண்டுமானாலும் விசையை அழுத்தலாம், எவரும் ஏமாற்ற முடியாது என்னும் இயந்திரத்தை நினைத்துப் பார்த்தவர் மூன்றாம் வகுப்போடு நின்ற ஒருவர். தேர்தலில் நின்று தோற்ற பட்டறிவும் அவருக்கு உண்டு. இந்தியத் தேர்தலில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாகக் கேரளத்துப் பரவூரில் பயன்பட்டது 1982இல். நாயுடு மறைந்து எட்டாண்டுகள் கழித்து.

தடைகளும் சினமும்

அவர் வாழ்வு வெற்றிகளின் வரிசை மட்டும் என்று எழுதினால் அது உண்மையாகாது. 1952இல், இருவர் அமரும் சிறு பெட்ரோல் காரை இரண்டாயிரம் ரூபாய் விலையில் உருவாக்கிக் காட்டினார். அதைத் தொடர்ந்து செய்வதற்கு அரசு உரிமம் கிடைக்கவில்லை, கார் நின்றுபோனது. மிகுதியான வரி விதிப்பைக் கண்டித்துத் தம் பொருள்களையே மக்கள் முன்னிலையில் உடைத்து எதிர்ப்புத் தெரிவித்தார் என்றும் அவர் வரலாறு கூறுகிறது.

இதில் அவர் பக்கமே முழு நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஏழை நாட்டில் எதை முதலில் செய்வது என்று அரசுக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும். வரியில்லாமல் பள்ளியும் மருத்துவமனையும் வருவதில்லை. அரசுக் கல்லூரியில் அரசு உதவித்தொகையில் படிக்கும் நான் அதை மறக்க இயலாது. ஆயினும் செய்து காட்டியவனின் கையைக் கட்டிவிட்டால் நாடு இழப்பது ஒரு காரை மட்டுமன்று. அதைப் பார்த்து அடுத்ததைச் செய்யக்கூடிய நூறு இளைஞரையும் சேர்த்தே இழக்கிறது.

கல்விப் பணி

1944இல் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கி, ஆராய்ச்சி உதவித்தொகைகளையும் தொழிலாளர் நலத் திட்டங்களையும் அறிவித்தார். அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பாலிடெக்னிக்கும், 1945இல் ஒரு பொறியியல் கல்லூரியும் அவர் முயற்சியால் தோன்றின. அந்தப் பொறியியல் கல்லூரியே இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக ஓங்கி நிற்கிறது. பள்ளியிலிருந்து ஓடிய சிறுவன் ஒரு கல்லூரியின் முதல்வராக அமர்ந்தார்!

அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை. விடுமுறைகளைக் குறைத்து, பட்டறைப் பயிற்சியைக் கூட்டினால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கொள்கை. ஆங்கில அரசு இதை ஏற்கவில்லை. அவர் பொறுப்பைத் துறந்தார்.

வேளாண்மையிலும் அவர் ஆவல் பாய்ந்தது. பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் ஆய்வுகள் செய்தார். அவர் பண்ணையைக் காண சர் சி. வி. இராமனும் விசுவேசுவரய்யாவும் வந்து சென்றனர். 1974 ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் திரட்டிய பொருள்களையும் கருவிகளையும் கோவை அவினாசிச் சாலையிலுள்ள கண்காட்சியில் இன்றும் காணலாம். 2025 அக்டோபரில் அதே சாலையில் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

எதை எடுத்துக்கொள்வது?

மாணவ நண்பர்களே! இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். எங்கள் தெருவில் என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவன் ஒருவன் இருக்கிறான். என்னைவிடக் கைத்திறன் உள்ளவன். பழைய வானொலியிலிருந்து ஒலிபெருக்கி செய்தவன். பன்னிரண்டாம் வகுப்பில் இடையில் நின்றுவிட்டான். கேட்டால், ஜி. டி. நாயுடு படித்தாரா என்று திருப்பிக் கேட்கிறான். கைப்பேசியில் ஓடும் அரை நிமிடப் படங்கள் அவனுக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்துவிட்டன. இன்று ஒரகடம் பக்கம் ஒப்பந்தக் கூலியாக, ஒரே திருகை நாள் முழுதும் முடுக்கிக்கொண்டிருக்கிறான். எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பார்க்க அங்கே அவனுக்கு இடமில்லை.

படிக்காமலே பெரியவரானார் என்று நாயுடுவைச் சொல்வது அரை உண்மை. அவர்க்கு விழுந்தால் தாங்க ஊரில் நிலம் இருந்தது. தொழில் தொடங்க ஸ்டேன்ஸ் போன்றோர் நம்பிக் கொடுத்த துணை இருந்தது. வாழ்நாள் முழுதும் விடாத நூற்பழக்கம் இருந்தது. நம்மைப் போன்ற வீடுகளில் விழுந்தால் தாங்குவது இந்தப் பட்டம் ஒன்றுதான். அவரும் தாம் பெறாததைப் பிறர் பெறக் கல்லூரி கட்டினாரே தவிர, கல்லூரியைப் பூட்டச் சொல்லவில்லை. அவர் வெறுத்தது, கையைக் கட்டிவைத்து வாயால் ஒப்பிக்கவைக்கும் படிப்பை.

மறுபுறம், படித்துவிட்டால் கையில் கறை படக்கூடாது என்னும் எண்ணமும் நம் வீடுகளில் உண்டு. நான் காயில் கடைக்குப் போவதை என் அன்னை இன்றும் விரும்புவதில்லை. வெயிலில் நின்று நாற்று நட்டவர் தம் பிள்ளை நிழலில் உட்கார வேண்டும் என்று நினைப்பது குற்றமன்று. அந்த நிழலிலும் கை சும்மா இருக்க வேண்டியதில்லை என்பதை நாம்தாம் அவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும்.

முடிவுரை

ஆசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வாரத்தில் ஒரு மாலை, நம் ஆய்வகத்தின் ஒரு மேசை போதும். ஓடாத மிக்சி, எரிந்த மோட்டார், வீட்டுப் பரணிலிருக்கும் வானொலி, திரை உடைந்த கைப்பேசி, ஓய்வுபெற்ற கணினி ஆகியவற்றை அவரவர் கொண்டுவருவோம். இயற்பியல் மாணவர் மட்டுமல்லர். தமிழும் வரலாறும் வணிகவியலும் படிப்போரும் வரலாம். கடைவீதியிலிருந்து காயில் கட்டும் அண்ணனையும் ஒருநாள் ஆசிரியராக அழைக்கலாம். பிரித்ததை எல்லாம் மீண்டும் பூட்ட முடியாமல் போகலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்ற அச்சம் போய்விடும்.

மென்லோ பார்க்கின் கொட்டகையும் கோவையின் பணிமனையும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் தொடங்கவில்லை. ஜி. டி. நாயுடு விட்டுச்சென்ற சொத்துகளுள் நமக்கு எட்டக்கூடியது ஒரு திருப்புளியும், அதைப் பிடிக்கத் தயங்காத கையும். அவற்றைப் பட்டத்தோடு சேர்த்து எடுத்துக்கொள்வோம்.